போனுக்குக் கைரேகை லாக் போதுமா, பின் நம்பர்தான் வைக்க வேண்டுமா?

புதுப் போன் வாங்கியிருப்பீர்கள், எடுத்ததுமே விரலை வைக்கச் சொல்லியிருக்கும், அதில் வந்த சந்தேகம் என்று நினைக்கிறேன். நான் 3 வருடமாகப் பின் நம்பர் மட்டும்தான். காரணம் ஒரு ராத்திரி.

வேலை முடிந்து பைக்கில் வந்துகொண்டிருந்தேன், மணி பதினொன்றரை இருக்கும். போலீஸ்காரர்கள் வண்டியை ஓரங்கட்டச் சொன்னார்கள். லைசென்ஸ், ஆர்சி, இன்சூரன்ஸ் எல்லாம் சரியாக இருந்தது. போனைக் கேட்டார் ஒருவர். "எதுக்கு சார்?" என்றேன். பதில் சொல்லாமல் என் சட்டைப் பையிலிருந்து அவரே எடுத்தார். மணிக்கட்டைப் பிடித்து, கட்டை விரலைப் போனின் முதுகில் வைத்து அழுத்தினார். திறந்துகொண்டது. வாட்ஸப், அப்புறம் கேலரி. என் மனைவியின் ஐந்தாம் மாத ஸ்கேன் ரிப்போர்ட்டை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு போகச் சொல்லிவிட்டார்கள். அவளிடம் இதைச் சொல்ல எனக்கு இரண்டு நாள் ஆனது.

மறைக்க ஒன்றுமில்லாதவனுக்கு என்ன பயம் என்று யாராவது கேட்பீர்கள். மறைக்க ஒன்றும் இல்லைதான். அதற்காக அந்த ஸ்கேனை அவர் பார்க்கலாம் என்று ஆகிவிடாது. போலீஸ் எல்லோரையும் குறை சொல்லவும் இல்லை. என் சித்தப்பாவே ஏட்டாக இருந்து ரிட்டயர் ஆனவர். "நீயா விரலை வச்சுத் திறந்தேன்னு எழுதிட்டா என்னடா பண்ணுவே?" என்று கேட்டதே அவர்தான்.

அதற்குப் பிறகுதான் தேடிப் படித்தேன். நான் வக்கீல் இல்லை. குற்றம் சாட்டப்பட்டவரைத் தனக்கு எதிராகவே சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது அரசியல் சாசனம் 20(3). ஆனால் கைரேகை கொடுப்பது அப்படிச் சாட்சி சொல்வதாகாது என்று 1961லேயே, காத்தி காலு ஓகாட் வழக்கில், உச்ச நீதிமன்றத்தின் 11 நீதிபதிகள் அமர்வு சொல்லிவிட்டது. 2010ல் செல்வி வழக்கில், சம்மதம் இல்லாமல் நார்கோ சோதனை, அதாவது மருந்து கொடுத்து அரை மயக்கத்தில் மனதில் இருப்பதைச் சொல்ல வைப்பது, கூடாது என்றது அதே உச்ச நீதிமன்றம். அப்படியென்றால் மனதில் இருக்கும் பின் நம்பர்? பாஸ்வேர்டு கேட்பது 20(3)ஐ மீறாது என்றது கர்நாடக உயர் நீதிமன்றம், 2021ல். கட்டாயப்படுத்திக் கேட்க முடியாது என்றது டெல்லி சிபிஐ சிறப்பு நீதிமன்றம், 2022ல். இன்னும் இழுபறிதான். ஆனால் நம்பர் என்றால் நான் வாய் திறந்து சொன்னால்தான் உண்டு. விரலுக்கு அதுகூட வேண்டாம், தூங்கும்போதுகூட எடுத்து வைக்கலாம்.

கூட்டமான பஸ்ஸில் நம்பர் போட்டால் பின்னால் நிற்பவன் பார்ப்பான், உண்மை. அங்கே ரேகைதான் நல்லது. ரேகையை விட மனமில்லை என்றால், ஆண்ட்ராய்டில் பவர் பட்டன் மெனுவில் லாக்டவுன் இருக்கிறதா பாருங்கள்; சில போனில் செட்டிங்கில் போய் ஆன் செய்ய வேண்டும். அதைத் தொட்டுவிட்டால் அடுத்த தடவை நம்பர் போடாமல் திறக்காது. ஐபோனில் இதற்கே பக்கத்துப் பட்டனையும் வால்யூம் பட்டனையும் சேர்த்து அழுத்திப் பிடிக்க வேண்டும். ஒன்றும் முடியாவிட்டால் ஸ்விட்ச் ஆஃப் செய்துவிடுங்கள். நம்பர் 6 இலக்கமாவது இருக்கட்டும், பிறந்த தேதி வேண்டாம்.

ரேகை என்றதும் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். என் அம்மா 30 வருடம் நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்தவர். ரேஷன் கடை மெஷினில் அவர் விரல் விழுவதே இல்லை. துணியில் துடைத்து, எண்ணெய் தடவி, பத்து விரலையும் வைத்துப் பார்த்து, போன மாதமும் "நாளைக்கு வாம்மா" என்றுதான் அனுப்பினார்கள். வெறும் பையோடு வெயிலில் நடந்து வந்தார்.