பத்தாம் ஆண்டுப் பிள்ளையளுக்கு இங்கிலிஷ் சொல்லை உடைச்சுப் படிப்பிச்சா பிரயோசனம் இருக்கோ?

கேட்டவர் கிளிநொச்சிப் பக்கம் ரியூசன் குடுக்கிறவர் போல. பிள்ளையள் சொல்லுகளைப் பாடமாக்கி அடுத்த கிழமையே மறந்திடுதுகள், முன்னொட்டு, வேர்ச்சொல், பின்னொட்டு எண்டு பிரிச்சுக் காட்டினா மனசில நிக்குமோ எண்டு கேட்டிருக்கிறார். நிக்கும். ஆனா கனபேர் செய்யிற மாதிரி ஐம்பது முன்னொட்டைக் கருத்தோட போட்டோக்கொப்பி அடிச்சுக் குடுத்தா நிக்காது, பாடமாக்க இன்னொரு லிஸ்ற் கூடினதுதான் மிச்சம்.

நான் முல்லைத்தீவுப் பக்கம் இங்கிலிஷ் படிப்பிக்கிறன். பிள்ளையளின்ர காதில ஏற்கனவே கிடக்கிற சொல்லுகளிலதான் துவங்கிறது. இங்கிலிஷ் ஒரு எழுத்தும் தெரியாத அம்மம்மாவுக்கும் வன்னியில ரீசெற்றில்மென்ற் தெரியும், டிஸ்பிளேஸ்மென்ற் தெரியும், 2009க்குப் பிறகு என்ஜிஓக்காரரும் கச்சேரியில, அதுதான் மாவட்டச் செயலகத்தில இருந்து வந்தவையும் வாய்க்கு வாய் சொன்ன சொல்லுகள், இப்பத்தைய பத்தாம் ஆண்டுப் பிள்ளை அதுக்குப் பிறகு பிறந்தது எண்டாலும் வீட்டுக் கதையில கேட்டிருக்கும். போர்டில ரீசெற்றில்மென்ற் எண்டு பெரிசா எழுதி ரெண்டு கோடு கிழிப்பன். ரீ எண்டா திரும்ப, செற்றில் எண்டா குடியிருக்கிறது, மென்ற் அதைப் பெயர்ச்சொல்லாக்கிற வால். பிறகு நடுவில செற்றிலை அழிச்சுப்போட்டு பிளேஸ் எழுதினா ரீபிளேஸ்மென்ற், அதில ரீயை அழிச்சு டிஸ் போட்டா டிஸ்பிளேஸ்மென்ற். அதுக்குள்ள பின்வாங்கில இருக்கிறதுகள் பேமென்ற், ட்ரீற்மென்ற், அப்பொயின்ற்மென்ற் எண்டு கத்தத் துவங்கிடும். ரீக்கு உதாரணம் தேடி அலையவே தேவையில்லை, எல்லாரும் போனுக்கு ரீலோட் போடுறதுதானே.

வால் ஒட்டுறது எங்கட பிள்ளையளுக்குப் புதிசில்லை. வீடுகளிலிருந்து எண்ட ஒரு சொல்லில எத்தினை வால் கிடக்குது பாருங்கோ, தமிழ்ப் பாடத்திலயும் பகுபதம் பிரிச்சு பகுதி, விகுதி, இடைநிலை எண்டு எழுதிறதுகள்தானே. அதால பின்னொட்டை முதல் எடுங்கோ. முன்னொட்டுத்தான் கொஞ்சம் இடக்கு, தமிழில சொல்லுக்கு முன்னால ஒட்டுறது குறைவு, நீதி அநீதி, சுத்தம் அசுத்தம் எண்டு இருக்கிறதும் வடமொழியால வந்ததுதான். எண்டாலும் அதையே பிடிச்சுக்கொண்டு, இல்லை எண்டு கருத்துத் தாற இங்கிலிஷ் அன்னுக்குப் போகலாம். அன், ரீ, இன், டிஸ் இந்த நாலும் காணும், முன்னொட்டோட வாற இங்கிலிஷ் சொல்லுகளில பாதிக்கு மேல இந்த நாலுக்குள்ள அடங்கியிடும்.

இன் ஏன் இம்பொசிபிள்ல இம் ஆகுது எண்டு கட்டாயம் ஒருத்தர் கேப்பார். மரம், கள் சேர்ந்து மரங்கள் ஆகிறதைக் காட்டுங்கோ, பின்னால வாற எழுத்தைப் பாத்து முன்னுக்கு நிக்கிறது மாறுது. இன்பொசிபிள் எண்டு கெதியாச் சொல்லிப் பாக்கச் சொன்னா வாயே இம் எண்டு திருத்திப்போடும். இல்லீகல், இர்ரெகுலரும் இதே சங்கதிதான்.

வேர்ச்சொல்லுக்கு நான் இங்கிலிஷ் புத்தகத்தை விட விஞ்ஞானப் புத்தகத்தைத்தான் கூட நம்புறன். வெப்பமானி எண்டா தெர்மோ, மீற்றர். உயிரியல் எண்டா பயோ, லொஜி. ஒளித்தொகுப்பு எண்டா போட்டோ, சிந்தசிஸ். கலைச்சொல் ஆக்கினவை அந்தக் கிரேக்க வேருகளை அச்சொட்டாத் தமிழாக்கி வச்சிருக்கினம், பிள்ளைக்குக் கருத்து ஏற்கனவே தெரியும், பேரை மாத்திச் சொல்லுறதுதான் எங்கட வேலை. நாளைக்குக் கிளிநொச்சி அறிவியல் நகரில இருக்கிற யாழ்ப்பாண யூனிவர்சிற்றி இஞ்சினியரிங் பீடம் கிடைச்சாலோ வவுனியா யூனிவர்சிற்றிக்குப் போனாலோ லெக்சர் எல்லாம் இங்கிலிஷ்ல வரேக்க இதுதான் கைகுடுக்கும். போர்ட், ஸ்ட்ரக்ற் மாதிரி லத்தீன் வேருகளை அவசரப்பட்டுக் குடுக்காதேங்கோ. எக்ஸ்போர்ட், இம்போர்ட், ட்ரான்ஸ்போர்ட் மூண்டும் தெரிஞ்ச பிறகு போர்ட் எண்டா காவுறது எண்டு சொன்னா உடன பிடிபடும், முதலே சொன்னா வெறும் சத்தம்தான்.

ஒரு கரைச்சல் இருக்கு, உடைக்கப் பழகினா பிள்ளையள் எல்லாத்தையும் உடைக்குதுகள். எங்கட வகுப்பில ஒரு பெடியன் அங்கிளுக்கு நடுவில கோடு கிழிச்சுப்போட்டு, "அன் எண்டா இல்லை, அப்ப கிள் எண்டா என்ன ரீச்சர்?" எண்டான், வகுப்பு முழுக்கச் சிரிப்பு. அவன்ர கேள்வி பிழையில்லை. முன்னொட்டை மறைச்சுப்போட்டுப் பாக்கச் சொல்லுங்கோ, மிச்சம் தெரிஞ்ச சொல்லா நிண்டாத்தான் இப்போதைக்கு உடைக்கலாம், இல்லாட்டி விடு. இன்னொண்டு, எர் வால் ஒட்டின ட்ரைவர், பாமர் எண்டு படிச்ச கையோட சமைக்கிறவரைக் குக்கர் எண்டு எழுதுதுகள். அதுக்கு விதி ஒண்டும் இல்லை, ஒரு தரம் சிரிச்சுத் திருத்திவிட்டாக் காணும்.

கொப்பியில ஒரு வேருக்கு ஒரு பக்கம் ஒதுக்கச் சொல்லுங்கோ, கிழமைக்கு ஒண்டுக்கு மேல வேண்டாம். பக்கத்தை நிரப்பிக் குடுக்காதேங்கோ, கண்ட இடத்தில கண்ட சொல்லைக் கொண்டுவந்து அதுகளே எழுதட்டும், கடைப் போர்டில இருந்தெண்டாலும் பரவாயில்லை, மருந்துப் பெட்டியில இருந்தெண்டாலும் பரவாயில்லை.