புது விளக்கு வாங்கலாம், முழு வெளிச்சம் வேண்டாம்

கேள்வி: வணக்கம் சார். அம்பத்தூரில் வாடகை வீட்டில் இருக்கிறேன். இரண்டடி நீளம், ஓரடி அகலம், 14 அங்குல உயரத்தில் கடல் தொட்டி வைத்திருக்கிறேன். ஒரு ஜோடி கோமாளி மீன், கோரல் (பவள உயிர்) வகையில் மூன்று நிறத்தில் ஜோவா, சிவப்பு மஷ்ரூம், ஒரு லெதர் இருக்கின்றன. மேலே 24 வாட் டி5 டியூப் (மெல்லிய டியூப்லைட்) இரண்டு. வாங்கி இரண்டு வருடம் ஆகிறது. கொஞ்ச நாளாக ஜோவாக்கள் காம்பை நீட்டிக்கொண்டே போகின்றன, நிறமும் வெளிறிவிட்டது. லெதர் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது. கடைக்காரர் 165 வாட் எல்இடி பெட்டி போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார். வாங்கலாமா? எத்தனை மணி நேரம் எரிய விடவேண்டும்? கரண்ட் பில் எகிறுமா?
— வாசகர், அம்பத்தூர்

பதில்: தம்பி, பாதி பதிலை நீங்களே எழுதிவிட்டீர்கள். இருட்டு மூலையில் வைத்த துளசி ஜன்னல் பக்கம் சாய்வதைப் பார்த்திருப்பீர்கள். ஜோவா காம்பை நீட்டுவதும் லெதர் சாய்வதும் அதே காரணத்தால்தான். வெளிச்சம் போதவில்லை. அதிகமாகியிருந்தால் ஜோவா பாறையோடு ஒட்டிக் குட்டையாகிவிடும், விளக்கு எரியும்போதே மூடிக் கிடக்கும். மஷ்ரூம் விளிம்பைச் சுருட்டிக்கொள்ளும், சில சமயம் பாறையை விட்டே கழன்று மிதக்கும். நிறம் வெளிறுவதை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள். குறைந்த வெளிச்சத்திலும் வெளிறும், கூடின வெளிச்சத்திலும் வெளிறும்.

கடைக்குப் போவதற்கு முன்னால் தொட்டியின் மேல்மூடிக் கண்ணாடியை எடுத்து ஜன்னலுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். நான் பராமரிப்புக்குப் போகும் வீடுகளில் பாதிக்கு மேல் அந்தக் கண்ணாடியில் உப்பு வெள்ளையாகப் படிந்து, அடியில் பச்சைப் பாசியும் பிடித்திருக்கும். விளக்கு தருவதில் கணிசமான பகுதியை அதுவே தின்றுவிடும். வெள்ளை வினிகரில் நனைத்த துணியால் துடைத்து, ஆர்ஓ தண்ணீரில் கழுவிக் காயவைத்துப் போடுங்கள்.

டியூப் விஷயத்துக்கு வருகிறேன். டி5 டியூப் நம் கண்ணுக்கு வருடக்கணக்கில் பளிச்சென்றுதான் தெரியும். ஆனால் உள்ளே பூசிய பொடி தேயத் தேய வெளிச்சம் குறையும், அதன் நிறமும் மாறும். கடல் தொட்டிக்காரர்கள் 9 முதல் 12 மாதத்துக்குள் டியூப் மாற்றுவது அதனால்தான். உங்களுடையது இரண்டு வருடம் ஓடிவிட்டது. நீங்கள் வைத்திருக்கும் உயிர்களுக்கு இதே 24 வாட்டில் புது டியூப் இரண்டு போட்டாலே போதும், வேறு எதுவும் தேவையில்லை. இதைச் சொல்லாமல் எல்இடி வாங்கச் சொன்னால் அது உங்களுக்குச் செய்யும் நியாயமில்லை. ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023-லேயே பொது வெளிச்சத்துக்கான டி5, டி8 டியூப்களைப் புதிதாகச் சந்தைக்கு விடுவதை நிறுத்திவிட்டார்கள். இனி கடல் தொட்டிக்கான டியூப் கிடைப்பது சிரமமாகிக்கொண்டேதான் போகும். அதனால் எல்இடிக்கு மாறுவதை நான் தடுக்கவில்லை. எந்த எல்இடி, எப்படி மாறுவது என்பதுதான் பேசவேண்டியது.

கோரலின் சதைக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கிறது. வெளிச்சத்தை வைத்து அந்தப் பாசி தயாரிக்கும் உணவில்தான் கோரலின் பெரும்பங்கு வயிறு நிறைகிறது. பாசிக்குப் பயன்படும் வெளிச்சத்தை அளக்கும் கணக்குக்கு 'பார்' என்று பெயர். வாட் என்பது விளக்கு இழுக்கும் மின்சாரம் மட்டுமே. நடுப்பகலில் வெப்பமண்டலக் கடலின் மேல்பரப்பில் பார் சுமார் 2000 இருக்கும். மஷ்ரூமுக்கு 50 அளவில் போதும். ஜோவாவுக்கும் லெதருக்கும் 80 முதல் 150 வரை தாராளம். கிளை கிளையாக வளரும் கல் பவளங்களுக்குத்தான் 200, 300 எல்லாம். உங்களிடம் இருப்பவை எல்லாமே நடுத்தர வெளிச்சத்துக்காரர்கள்.

165 வாட் பெட்டியைப் பற்றி. 55 எல்இடி, ஒவ்வொன்றும் 3 வாட் என்று பெருக்கிப் போட்ட எண் அது. உண்மையில் பெரும்பாலான பெட்டிகள் அவ்வளவு இழுப்பதில்லை. அப்படியிருந்தும் 14 அங்குலத் தண்ணீருக்கு அது மிக அதிகம். வாங்கினால் ஆயுள் முழுக்கக் கால்வாசி வெளிச்சத்தில்தான் ஓட்டவேண்டியிருக்கும். 40 முதல் 60 வாட்டுக்குள், நீலத்தையும் வெள்ளையையும் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கிற விளக்காகப் பாருங்கள். டிம்மர் இல்லாத விளக்கு எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

கடையில் யாரும் கேட்காத ஒரு கேள்வியை நீங்கள் கேட்கவேண்டும்: லென்ஸ் எத்தனை டிகிரி? விளக்கைத் தண்ணீருக்கு மேலே 30 சென்டிமீட்டரில் தொங்கவிடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 90 டிகிரி லென்ஸ் என்றால் தண்ணீர்ப் பரப்பில் சுமார் 60 சென்டிமீட்டர் அகலத்துக்கு வெளிச்சம் விழும். உங்கள் இரண்டடி நீளத்துக்கு அது கச்சிதம். 60 டிகிரி லென்ஸ் என்றால் 35 சென்டிமீட்டர்தான். நடுவில் இருக்கும் கோரல் வெந்துபோகும், இரண்டு ஓரத்திலும் இருப்பவை இப்போதைப் போலவே எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். ஒரே பெரிய பெட்டியை விடச் சின்ன விளக்கு இரண்டைத் தள்ளித் தள்ளி வைத்தால் பாறையின் நிழலும் குறையும்.

மாற்றும் முறையைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். புது விளக்கால் கோரல் போகிறது என்றால் பெரும்பாலும் முதல் மூன்று வாரத்துக்குள்தான் போகும். மங்கிய டியூபுக்குப் பழகிய கோரல், கிடைக்கும் கொஞ்ச வெளிச்சத்தையும் விட்டுவிடக் கூடாது என்று உள்ளே இருக்கும் பாசியில் நிறமியை நிறையச் சேர்த்து வைத்திருக்கும். அதன் மேல் திடீரென்று முழு வெளிச்சத்தைக் கொட்டினால் பாசி தாங்காது. அந்தப் பாசியையே கோரல் வெளியே துப்பிவிடும். வெளுத்துப்போவது என்று சொல்கிறோமே, அது இதுதான். 1998-லும் 2010-லும் 2016-லும் மன்னார் வளைகுடாவில் பவளம் கூட்டம் கூட்டமாக வெளுத்தது கடல் சூடேறியதால். வெயிலும் சூடும் கைகோத்தால் கேடு இரட்டிப்பு. உங்கள் வீட்டு 60 லிட்டரில் இந்த இரண்டையும் உங்கள் கையாலேயே ஒரே நாளில் கூட்டிவிட முடியும்.

அதனால் முதல் வாரம் 20, 25 சதவீதத்தில் ஆரம்பியுங்கள். வாரத்துக்கு 5 சதவீதத்துக்கு மேல் ஏற்றாதீர்கள். எரியும் நேரத்தை அந்த நாட்களில் மாற்றவே வேண்டாம். வெளிச்சத்தையும் நேரத்தையும் சேர்த்துக் கூட்டினால் எது தாங்கவில்லை என்று கண்டுபிடிக்க முடியாது. ஒவ்வொரு ஏற்றத்துக்குப் பிறகும் மூன்று நாள் ஜோவாவைப் பாருங்கள். விளக்கு போட்ட ஒரு மணி நேரத்துக்குள் முழுசாக விரிகிறதா? விரிந்தால் மேலே போகலாம். மூடியே கிடந்தால் முந்தைய அளவுக்கு இறங்கி அங்கேயே இரண்டு வாரம் நில்லுங்கள். ஏற்கெனவே டிம்மர் இல்லாத விளக்கை வாங்கிவிட்ட வாசகர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. நைலான் கொசுவலையைத் தொட்டியின் அளவுக்கு வெட்டி, நாலைந்து மடிப்பாக மேல்மூடிக் கண்ணாடியில் விரியுங்கள். ஐந்து நாளைக்கு ஒரு மடிப்பை எடுத்துவிடுங்கள். வலை விளக்கில் படாமல் இருக்கவேண்டும், அவ்வளவுதான்.

காம்பு நீண்ட ஜோவா பழையபடி குட்டையாகாது. புதிதாக முளைப்பவை குட்டையாக வரும். அதைப் பார்க்க மாதக்கணக்கில் ஆகும், அவசரப்பட்டு வெளிச்சத்தை ஏற்றிவிடாதீர்கள்.

பாறையை இடம் மாற்ற நேர்ந்தால் கையுறையும் கண்ணாடியும் போடாமல் கையை விடாதீர்கள். சில ஜோவா வகைகளில் பேலிடாக்சின் என்ற கொடிய விஷம் இருக்கிறது. கையில் சின்னக் கீறல் இருந்தாலும் உள்ளே போகும். அது ஒட்டிய பாறையைக் கொதிக்கும் நீரில் போட்டுச் சுத்தம் செய்வது அதைவிட ஆபத்து. எழும் ஆவியைச் சுவாசித்து வீட்டோடு மருத்துவமனைக்குப் போனவர்கள் வெளிநாடுகளில் இருக்கிறார்கள். குழந்தைகள் உள்ள வீட்டில் இதை இரண்டு தடவை சொல்வேன்.

நேரத்துக்கு டைமர் போடுங்கள். மொத்தம் 9 மணி நேரம் போதும். வேலைக்குப் போகிறவர் என்றால் மதியம் 1 மணிக்கு நீலம் மட்டும், 4 மணியிலிருந்து 9 வரை நீலமும் வெள்ளையும், பிறகு 10 மணி வரை மறுபடி நீலம். சென்னை வெயிலின் உச்சத்தில் விளக்கின் சூடும் சேராது, வீடு திரும்பும்போது தொட்டியையும் நன்றாகப் பார்க்கலாம். இரவில் முழு இருட்டு வேண்டும். ராத்திரியெல்லாம் நீல விளக்கு எரிய விடும் பழக்கத்தை நான் எங்கே பார்த்தாலும் நிறுத்தச் சொல்கிறேன்.

தண்ணீர் 24 முதல் 27 டிகிரிக்குள் நிற்கவேண்டும். மே மாதத்தில் அம்பத்தூர் வீட்டில் சும்மா இருந்தாலே 30 தாண்டும். தண்ணீர்ப் பரப்பில் படும்படி சின்ன ஃபேன் வைத்தால் இரண்டு மூன்று டிகிரி குறையும். ஆனால் தண்ணீர் வேகமாக ஆவியாகி உப்பு ஏறும், தினமும் ஆர்ஓ தண்ணீர் ஊற்றி மட்டம் காக்கவேண்டும். கையில் பணம் கொஞ்சம்தான் என்றால் பெரிய விளக்கில் போடாமல், தண்ணீரைக் குளிர்விக்கும் கருவியான சில்லருக்குச் சேர்த்து வையுங்கள் என்பேன். கரண்ட் பில் பயம் வேண்டாம். இப்போது டியூபும் சோக்கும் சேர்ந்து 10 மணி நேரத்தில் அரை யூனிட் போல இழுக்கின்றன. 50 வாட் எல்இடி 60 சதவீதத்தில் ஓடினால் சுமார் 0.3 யூனிட்தான். பில்லை ஏற்றுவது சில்லர்.

வயரிங்கில் கஞ்சத்தனம் கூடாது. தொட்டியின் லைனில் 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் உடனே கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனை அழைத்துப் பாருங்கள், வாடகை வீடானாலும் சரி. வயர் பிளக்கை விடக் கீழே தொங்கி வளைந்து மேலே ஏறவேண்டும். வழியும் உப்புத் தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும். விளக்கைத் தொங்கவிடப் பித்தளைக் கொக்கியோ செம்புக் கம்பியோ வேண்டாம். உப்புக்காற்றில் அரித்துச் செம்பு தண்ணீரில் கலந்தால் கோரலும் நத்தையும் இறாலும் தாங்காது.

கேள்வி: எங்கள் கடற்கரையில் பவளத் துண்டுகள் அடிக்கடி ஒதுங்குகின்றன. சிலர் உயிருள்ளதையே குறைந்த விலைக்குத் தருவதாகச் சொல்கிறார்கள். நல்ல எல்இடி வாங்கிவிட்டேன், தொட்டியில் போட்டு வளர்க்கலாமா?
— வாசகி, தூத்துக்குடி

பதில்: வேண்டாம் அம்மா. கல் பவளங்கள் எல்லாமே 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, புலிக்கும் யானைக்கும் உள்ள அதே அட்டவணை. செத்த துண்டானாலும் எடுப்பதும் வைத்திருப்பதும் குற்றம். சட்டத்தைத் தள்ளி வைத்தாலும் என் மனசு ஒப்பாது. ராமேஸ்வரத்திலிருந்து உங்கள் ஊர் வரை 21 தீவுகளைச் சுற்றியுள்ள பவளத்தைக் காக்க 1986-ல் கடல்சார் தேசியப் பூங்கா அமைத்தார்கள். சுண்ணாம்புக்காகப் பல ஆண்டு வெட்டி எடுக்கப்பட்டு, பிறகு வெளுத்து, மிஞ்சியதுதான் இன்று அங்கே இருப்பது. அதிலிருந்து நம் வரவேற்பறைக்கு ஒரு துண்டு கூட வரக்கூடாது. பாறைக்குச் செராமிக் பாறை கடைகளில் கிடைக்கிறது, ஆறு மாதத்தில் அதன் மேல் இளஞ்சிவப்புப் பாசி படர்ந்து அசல் பாறை போலவே ஆகிவிடும். உங்கள் எல்இடிக்கு மஷ்ரூமும் லெதரும் போதும். பில் தரும் கடையில், எங்கிருந்து வந்தது என்று கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: பார் மீட்டர் விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. மொபைலில் உள்ள லக்ஸ் ஆப்பை வைத்து அளக்கலாமா?
— வாசகர், கோயம்புத்தூர்

பதில்: பாருக்குப் பதிலாக அதை நம்ப முடியாது. லக்ஸ் என்பது மனிதக் கண்ணுக்கான கணக்கு. பச்சைக்கு நிறைய மதிப்பெண் போடும், 450 நானோமீட்டர் நீலத்துக்குக் கொஞ்சம்தான் போடும். நீல விளக்கில் எண் குறைவாகக் காட்டும்போது பார் எக்கச்சக்கமாக இருக்கும். அதை நம்பி ஏற்றினால் கோரல் வெளுத்துவிடும். ஆனால் ஒரே விளக்கு, ஒரே நிற அமைப்பில் வெளிச்சம் எங்கே எவ்வளவு பரவுகிறது என்று பார்க்க அந்த ஆப் நன்றாகவே உதவும். தொட்டியில் மாட்டுவதற்கு முன் விளக்கை ஒரு மேஜைக்கு மேலே அதே உயரத்தில் கட்டுங்கள். மேஜையில் தொட்டியின் நீள அகலத்தைச் சாக்பீஸால் வரைந்து, நடுவிலும் நான்கு மூலையிலும் போனைப் படுக்க வைத்து எண்ணைக் குறியுங்கள். நடுவில் காட்டுவதில் மூன்றில் ஒரு பங்கு கூட மூலையில் இல்லையென்றால் விளக்கைக் கைப்பிடி அளவு உயர்த்தி மறுபடி பாருங்கள். உயர்த்தியும் தேறவில்லை என்றால் லென்ஸ் குறுகல். ரசீது கையில் இருக்கும்போதே மாற்றிக்கொள்ளுங்கள்.