ஊற்றுநீர் குடிக்கும் ஊரில் ஒரு போர்

கேள்வி: 1866-இல் பிரஷ்யாவுக்கும் ஆஸ்திரியாவுக்கும் நடந்த போரின்போது, கிஸ்ஸிங்கன் என்ற சிற்றூரின் தெருக்களிலேயே சண்டை நடந்ததாகப் படித்தேன். நோயாளிகள் ஊற்றுநீர் குடிக்க வரும் ஊரில் படைகளுக்கு என்ன வேலை? – வாசகர், திருவையாறு

பதில்: ஊற்றுக்காக யாரும் அங்கே போரிடவில்லை, ஆற்றுக்காகத்தான் போரிட்டார்கள். தென்ஜெர்மனியின் பவேரிய நாட்டைச் சேர்ந்த கிஸ்ஸிங்கன், சாலே என்னும் சிற்றாற்றின் கரையில் இருக்கிறது. ஆஸ்திரியாவின் பக்கம் நின்ற பவேரியப் படை அந்த ஆற்றை அரணாகக் கொண்டு, மேற்கிலிருந்து வந்த பிரஷ்யரைத் தடுக்க முயன்றது. ஜூலை 10 அன்று கிஸ்ஸிங்கனில் மட்டுமல்லாமல், அதே ஆற்றின் கரையிலுள்ள ஹம்மெல்பூர்க்கிலும் சண்டை மூண்டது.

வயிற்றுக் கோளாறுக்கும் உடற்பருமனுக்கும் ராகோட்சி என்ற உப்பூற்றின் நீரைக் குடிக்க வந்த விருந்தினர்களை நம்பியே விடுதிக்காரர்களும் வீடுகளை வாடகைக்கு விடுவோரும் பிழைத்த ஊர் அது. இரண்டே ஆண்டுகளுக்கு முன், 1864-இல், ரஷ்யப் பேரரசர் இரண்டாம் அலெக்சாண்டரும், ஆஸ்திரியப் பேரரசி எலிசபெத்தும், பவேரியாவின் இளம் மன்னர் இரண்டாம் லுட்விக்கும் ஒரே பருவத்தில் அங்கே தங்கியிருந்தார்கள். ஜூலை மாதமோ பருவத்தின் உச்சம். குண்டுகள் விழுந்தபோது விருந்தினர்களில் ஒரு பகுதியினர் இன்னும் ஊரிலேயே இருந்தனர்.

ஊருக்குத் தெற்கே, ஓர் ஆலையருகே இருந்த நடைபாலத்தின் பலகைகளைப் பவேரியர் பெயர்த்துவிட்டிருந்தனர். அதன் சட்டங்களை மட்டும் ஏன் விட்டுவைத்தார்களோ! பிரஷ்யர் அவற்றின்மேல் புதிதாகப் பலகைகளைப் பரப்பி ஆற்றைக் கடந்தார்கள். பின்பக்கம் வழியே விரைவாகக் குண்டு நிரப்பக்கூடிய ஊசித் துப்பாக்கி அவர்களிடம் இருந்தது. பவேரியர் இன்னும் குழல்வாய் வழியாகத்தான் நிரப்பிக்கொண்டிருந்தனர். சண்டை தெருத்தெருவாக நகர்ந்து, கடைசியில் ஊரின் கல்லறைத் தோட்டத்தில் மிகக் கடுமையாக நடந்தது. பவேரியத் தளபதி ட்சோலர் அன்றைய போரில் மாண்டார். விருந்தினர்கள் உலவிய மண்டபங்களில் காயம்பட்டவர்களைக் கிடத்தினார்கள்.

எனக்கு உறுத்துவது வேறொன்று. போரின் முடிவைப் பெரும்பாலும் தீர்மானித்துவிட்ட வெற்றி, பொஹீமியாவிலுள்ள கோனிக்ரேட்ஸில், ஜூலை 3-லேயே பிரஷ்யருக்குக் கிடைத்துவிட்டது. கிஸ்ஸிங்கனில் இறந்தவர்கள் அதற்கு ஒரு வாரம் கழித்து இறந்தார்கள்.

அந்தப் போரை மூட்டிய பிரஷ்யப் பிரதமர் பிஸ்மார்க்கே 1874-இல் உடல்நலம் தேடி இதே ஊருக்கு வந்தார். வந்த இடத்தில், ஜூலை 13 அன்று, பீப்பாய்த் தொழிலாளி ஒருவன் அவரைச் சுட, கையில் காயத்தோடு தப்பினார். ஆனாலும் 1893 வரை 15 முறை வந்துபோனார். அவ்வளவு புகழ்பெற்ற விருந்தினரை எந்த விடுதியூர்தான் வேண்டாமென்று சொல்லும்? 1877-இலேயே அவருக்கு அங்கே சிலை எழுந்துவிட்டது. அவர் எடை பார்த்துக்கொண்ட தராசை இன்றும் அவ்வூர் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம்.