16 முதல் 23 வரை

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் மூணாறுக்காரன், எஸ்டேட் லயத்தில் பிறந்து வளர்ந்தவன். இப்போது துபாயில் ஒரு கிடங்கில் சூப்பர்வைசர் வேலை. என்னோடு தென்னாப்பிரிக்காக்காரர்கள் மூன்று நான்கு பேர் இருக்கிறார்கள். மேனேஜர் நியூசிலாந்துக்காரர். வரும் சனிக்கிழமை இந்த இரண்டு நாடுகளுக்கும் ரக்பி டெஸ்ட். அணியை அறிவித்ததிலிருந்து இங்கே சண்டைதான். இவனை ஏன் எடுத்தார்கள், அவனை ஏன் உட்கார வைத்தார்கள் என்று சாப்பாட்டு நேரம் முழுக்க அதே பேச்சு. பழைய மூணாறு மைதானத்தில் ஃபின்லே கோப்பைக் கால்பந்துக்கு முந்தின நாள் டீக்கடையில் கேட்ட அதே குரல்கள்!

எனக்கு ஒரு சந்தேகம். தினமும் பயிற்சியில் ஆளைப் பார்க்கிற கோச்சுக்குத் தெரியாததா இவர்களுக்குத் தெரிந்துவிடப் போகிறது? ஒருவர் சொன்னார்: "2023 உலகக் கோப்பையில் கோச்சைத் திட்டாத ஆள் இல்லை. அவர் கோப்பையோடு வந்தார். எங்கள் வாய் அடைத்துப்போனது." அப்படியானால் ரசிகர் பேச்சு வெறும் பொழுதுபோக்குதானா? இன்னொன்று, நம் மலையை ஆண்டது ஸ்காட்லாந்துக் கம்பெனி. ரக்பி ஏன் நம்மிடம் வரவில்லை?

எஸ்., துபாய்

அன்புள்ள தம்பி,

கோப்பையைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டவர்கள் அவசரப்பட்டுவிட்டார்கள். ஜெயித்துவிட்டதால் மட்டும் தேர்வு சரியாகிவிடாது. தென்னாப்பிரிக்காவும் நியூசிலாந்தும் மோதிய அந்த 2023 இறுதிப் போட்டியையே எடுத்துக்கொள்வோம்.

அந்தத் தொடரின் தொடக்கத்திலேயே தென்னாப்பிரிக்காவின் முதன்மை ஹூக்கர் மால்கம் மார்க்ஸ் முழங்காலில் அடிபட்டு வெளியேறினார். அவர் இடத்துக்கு அவர்கள் இன்னொரு ஹூக்கரை அழைக்கவில்லை. பத்தாம் எண்ணில் நின்று ஆட்டத்தை நடத்தும் ஃப்ளை-ஹாஃப் இடத்தில் ஆடும் ஹாண்ட்ரே பொல்லார்டை அழைத்தார்கள். அணியில் ஏற்கெனவே இருந்த மானி லிபாக் பந்தைச் சுழற்றி விளையாடுவதில் கெட்டிக்காரர், ஆனால் கம்பங்களுக்கு நடுவே உதைப்பதில் நம்பிக்கை தரவில்லை. ஸ்க்ரம்மில், அதாவது இரண்டு அணியிலும் எட்டெட்டுப் பேர் கோத்துப் பிடித்துத் தள்ளும்போது, முன்வரிசையின் நடுவில் நிற்பவரும், லைன்-அவுட்டில், அதாவது பக்கக்கோட்டுக்கு வெளியே போன பந்தை மறுபடி உள்ளே கொண்டுவரும்போது, பந்தை எறிபவரும் ஹூக்கர்தான். பழகாதவரைச் சட்டென்று நிறுத்திவிடக்கூடிய இடமல்ல அது. இறுதிப் போட்டிக்குப் போங்கி எம்போனாம்பி ஹூக்கர். அவருக்கு மாற்று டியான் ஃபூரி. முன்பு ஹூக்கராக ஆடியவர்தான், ஆனால் தேசிய அணி அவரைப் பெரும்பாலும் ஸ்க்ரம்மின் ஓரத்தில் நிற்கும் ஃப்ளாங்கராக வைத்திருந்தது, வயதும் 37. போதாக்குறைக்குப் பெஞ்சில், அதாவது 16 முதல் 23 வரை எண் போட்ட மாற்று ஆட்டக்காரர்கள் எட்டுப் பேரில், ஏழு பேர் ஸ்க்ரம்மில் தள்ளும் ஃபார்வர்டுகள், பந்தோடு ஓடும் பின்வரிசைக்கு (பேக்) ஒரே ஒருவர். ஸ்க்ரம்மிலிருந்து பந்தை எடுத்துக் கொடுக்கும் ஸ்க்ரம்-ஹாஃபுக்கு மாற்று ஆளே கிடையாது.

எம்போனாம்பிக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வார்கள் என்று முந்தின நாள் கேட்டவரை முட்டாள் என்று சொல்ல முடியுமா? ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே எம்போனாம்பி அடிபட்டு வெளியே போனார். மீதி ஆட்டம் முழுக்க ஃபூரி. லைன்-அவுட்டில் அவர்கள் திணறினார்கள். பயந்தது அப்படியே நடந்தது! ஆனாலும் 12-11 என்று ஜெயித்தார்கள். நியூசிலாந்து கேப்டன் சாம் கேன் முதல் பாதியிலேயே சிவப்பு அட்டை வாங்கியிருந்தார். பதினான்கு பேரோடு ஆடிய நியூசிலாந்து பந்தை எதிரணிக் கோட்டுக்கு அப்பால் தரையில் வைத்து ட்ரை போட்டது, அதற்குப் பிறகு கிடைக்கும் இரண்டு புள்ளி உதையை ரிச்சி மோவுங்கா தவறவிட்டார். அது உள்ளே போயிருந்தால் 13-12. கடைசியில் ஜோர்டி பாரெட் தூரத்திலிருந்து உதைத்த பெனால்ட்டியும் விலகிப் போனது. அந்த இரண்டில் ஒன்று உள்ளே போயிருந்தால் உன் நண்பர் இன்று வேறு கதை சொல்லிக்கொண்டிருப்பார். பட்டியலோ அதே பட்டியல்.

கோச் கண்ணை மூடிக்கொண்டு சூதாடினார் என்று நான் சொல்லவில்லை. அதே தொடரில் இங்கிலாந்தோடு ஆடிய அரையிறுதியைப் பார். லிபாக்கா பொல்லார்டா என்பதுதான் அங்கே பெரிய வாய்ச்சண்டை. லிபாக் தொடங்கினார். அரை மணி நேரத்தில் அவரை எடுத்துவிட்டுப் பொல்லார்டை இறக்கினார்கள். ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் ஏறக்குறைய 50 மீட்டர் தூரத்திலிருந்து பொல்லார்டு உதைத்த பெனால்ட்டி உள்ளே போக, 16-15. எல்லாரும் அந்த உதையை மட்டும்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள். அந்தப் பெனால்ட்டி எங்கிருந்து வந்தது? ஸ்க்ரம்மிலிருந்து. அதை இடித்து வாங்கித் தந்த முன்வரிசையில் இருந்த ஆக்ஸ் என்சே பெஞ்சிலிருந்து வந்தவர். எதிராளி களைத்திருந்தபோது புதுத் தெம்போடு உள்ளே போனவர். ரசிகர்கள் பத்தாம் எண்ணைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஆட்டத்தைத் திருப்பியதில் பெரும்பங்கு 17-ஆம் எண் போட்ட என்சேயுடையது.

நான் சொல்ல வருவது இவ்வளவுதான்: ஆளைப் பற்றிய வாதம் சீக்கிரம் கெட்டுப்போகிறது. இடத்தைப் பற்றிய வாதம் ஆட்டம் முடிந்த பிறகும் நிற்கிறது. "இவனா அவனா" என்று கேட்பவருக்குப் பதில் சொல்ல ஒன்றுமில்லை, அவரவருக்கு ஒரு ஆள். "இவனுக்கு அடிபட்டால் அந்த இடத்தில் யார்?" என்று கேட்பவர் கோச் செய்யும் அதே வேலையைத்தான் செய்கிறார். தினமும் பயிற்சியைப் பார்க்காவிட்டாலும் அதை அவரால் செய்ய முடியும். பட்டியல் எல்லார் கண்ணுக்கும் முன்னால்தானே இருக்கிறது?

2013-இல் நடந்தது இன்னும் வேடிக்கை. இங்கிலாந்து, அயர்லாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் நாலு நாட்டு ஆட்டக்காரர்களும் சேர்ந்த லயன்ஸ் அணி ஆஸ்திரேலியாவில் ஆடியது. தொடர் 1-1. மூன்றாவது, கடைசி டெஸ்டுக்கு அயர்லாந்தின் நட்சத்திர ஆட்டக்காரர், பின்வரிசையின் நடுவில் ஆடும் பிரையன் ஓ'ட்ரிஸ்காலைக் கோச் வாரன் கேட்லாண்ட் பெஞ்சில்கூட வைக்காமல் விட்டார். அயர்லாந்தே கொந்தளித்தது. கேட்லாண்ட் அப்போது வேல்ஸ் அணியின் கோச் வேறு. தொடங்கிய பதினைந்து பேரில் பத்துப் பேர் வேல்ஸ்காரர்கள். சும்மா விடுவார்களா? ஜேமி ராபர்ட்ஸ் காயம் ஆறித் திரும்பியிருந்தார், அவரும் ஜொனாதன் டேவிஸும் வேல்ஸுக்காக நடுவில் சேர்ந்து ஆடிப் பழகியவர்கள் என்பது கோச் தரப்பு நியாயம். லயன்ஸ் 41-16 என்று ஜெயித்தது. கேட்லாண்டைத் திட்டியவர்கள் அடங்கிப்போனார்கள். ஆனால் அந்த ஆட்டத்தை எடுத்துப் பார்த்தால், ஆரம்பத்திலேயே முன்வரிசை ஆட்டக்காரர் அலெக்ஸ் கார்பிசியரோ ட்ரை போட்டு, ஸ்க்ரம்மில் ஆஸ்திரேலியாவை நசுக்கியதுதான் அடித்தளம். ஓ'ட்ரிஸ்கால் இருந்திருந்தாலும் அந்த ஸ்க்ரம் அப்படித்தான் தள்ளியிருக்கும். ஆக, அந்த வெற்றி ஓ'ட்ரிஸ்கால் விவகாரத்தில் யார் பக்கமும் சாட்சி சொல்லவில்லை. கோபப்பட்டவர்களும் சரி, பிறகு அடங்கியவர்களும் சரி, ஸ்க்ரம்மைப் பார்க்கவே இல்லை.

அந்தக் கோபத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. தேர்வு என்பது யாருக்கு மரியாதை என்ற விஷயமும்தானே? நம் ஃபின்லே கோப்பையில் பார்த்திருப்பாய். எஸ்டேட் அணியில் எந்த டிவிஷனிலிருந்து எத்தனை பேர் என்ற கணக்கு இல்லாமல் பேச்சே ஆரம்பிக்காது. "எங்க லயத்துப் பையன் ஃபார்வர்டு, அவன எதுக்கு ஸ்டாப்பர் பேக்ல போட்டானுங்க?" என்று ஒருவர் எழுந்தால், அவர் பாதி ஆட்டத்தைப் பேசுகிறார், பாதி தன் லயத்தைப் பேசுகிறார். கேப் டவுன்காரருக்கும் பிரிட்டோரியாக்காரருக்கும் இதே வியாதி உண்டு. லிபாக் கேப் டவுன் அணியில் ஆடியவர், பொல்லார்டு பிரிட்டோரியா அணியில் ஆடிப் பெயர் எடுத்தவர் என்பதையும் சேர்த்துவைத்துக் கேட்டால் உன் சாப்பாட்டு மேசைச் சத்தம் கொஞ்சம் புரியும். அது இல்லாவிட்டால் யாரும் ஆட்டத்துக்கே வரமாட்டார்கள் என்பதும் உண்மை.

இரண்டாவது கேள்வி. இந்தியாவுக்கு ரக்பி வராமல் இல்லை, கல்கத்தாவில் இருந்தது. அங்கே 1873-இல் வெள்ளைக்காரர்கள் ஒரு ரக்பி கிளப் தொடங்கினார்கள். சில வருடங்களில் ஆள் குறைந்து கிளப்பைக் கலைத்தபோது, வங்கியில் மிச்சமிருந்த பணத்தை வெள்ளி ரூபாயாக எடுத்து உருக்கி ஒரு கோப்பை செய்தார்கள். மூடியில் யானை, கைப்பிடியில் நாகம். 1879 முதல் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் அந்தக் கல்கத்தா கோப்பைக்காகத்தான் மோதுகின்றன. நம் மலையில் கால்பந்து நின்றதற்கு என் யோசனை எளிது. ஒரு பந்தும், ஓரளவு சமமான ஒரு துண்டு நிலமும் கிடைத்தால் போதும், வெறுங்காலோடு தொடங்கிவிடலாம். கல்லும் சரிவுமான தரையில் ஆளைக் கட்டிப்பிடித்து விழ வைக்கிற விளையாட்டை, மறுநாள் காலை வேலைக்குப் போக வேண்டிய தொழிலாளி எப்படி ஆடுவான்? கை உடைந்தால் கூலி போச்சு.

சனிக்கிழமைக்கு வருவோம். பட்டியல் கையில் கிடைத்தால் முதலில் 16 முதல் 23 வரை படி. 16, 17, 18 மூவரும் முன்வரிசைக்காரர்கள், விதிப்படி அந்த இடங்களுக்கு மாற்று இருந்தே ஆக வேண்டும். மீதி ஐந்தில்தான் கோச்சின் மனசு தெரியும். எட்டுப் பேரையும் சேர்த்து ஐந்து ஃபார்வர்டு, மூன்று பேக் என்றால் வழக்கமான ஏற்பாடு. ஆறுக்கு இரண்டு என்றால் கடைசி அரை மணி நேரத்தில் இடித்தே ஜெயிக்கப் பார்க்கிறார்கள். ஏழுக்கு ஒன்று என்றால், பின்வரிசையில் இரண்டு பேருக்கு அடிபட்டால் என்ன ஏற்பாடு என்று உன் நண்பர்களிடம் கேள். பதில் சொல்பவரோடு உட்கார்ந்து ஆட்டம் பார். "எங்க ஆளை ஏன் எடுக்கல" என்று மறுபடி ஆரம்பிப்பவருக்கு ஒரு கட்டன் சாயா வாங்கிக் கொடுத்துவிட்டு வேறு மேசைக்குப் போய்விடு.