கீழிறங்கும் உயர்த்தியில் மறுதாக்கம் 400 அல்ல, 600 நியூற்றன்

கதி குறைந்தபடி கீழிறங்கும் உயர்த்தியில் நிற்பவர் மீது அதன் தளம் மேல்நோக்கித் தாக்கும் விசை, அதாவது செவ்வன் மறுதாக்கம், எவ்வளவு என்ற வினாவுக்குப் புத்தகத்தின் விடையான 600 நியூற்றன்தான் சரி. நீங்கள் பெற்ற 400 தவறு. கீழிறங்கும்போது ஒவ்வொரு செக்கனிலும் செக்கனுக்கு 2 மீற்றர் வீதம் கதி குறையும் உயர்த்தியின் ஆர்முடுகல் (வேகம் மாறும் வீதம்) மேல்நோக்கியது. ஆகவே 50 கிலோகிராம் திணிவுடையவர் மீதான செவ்வன் மறுதாக்கத்திலிருந்து அவரது நிறையான 500 நியூற்றனைக் கழித்தால், திணிவை ஆர்முடுகலால் பெருக்கி வரும் 100 நியூற்றன் மிஞ்ச வேண்டும்.

“இறங்குகிறது” என்ற சொல்லைக் கண்டதும் ஆர்முடுகலையும் கீழ்நோக்கி வரைந்திருப்பீர்கள். விளையுள் விசை (எல்லா விசைகளும் சேர்ந்து தரும் விசை), பொருள் செல்லும் திசையை அல்ல, அதன் வேகம் மாறும் திசையைப் பின்பற்றும்.

ஐயமிருந்தால், வெள்ளவத்தை அடுக்குமாடி ஒன்றின் உயர்த்தியில், அயலவர் பார்வையைப் பொருட்படுத்தாமல், முள்ளுள்ள குளியலறைத் தராசொன்றின் மீது நின்றபடி மேல்மாடியிலிருந்து இறங்கிப் பாருங்கள். புறப்படும் கணத்தில் முள் சற்றுக் குறைந்து, இடையில் வழமையான அளவுக்குத் திரும்பி, கீழ்த்தளத்தில் நிற்கப்போகும்போது கூடும். இலக்கங்காட்டும் தராசு வேண்டாம். அவற்றுட் பல வாசிப்பு நிலைத்த பின்னரே எண்ணைக் காட்டும்.

ஈர்ப்பு ஆர்முடுகலை 10 என்று வினா தந்திருந்தால் மட்டுமே 600 வரும், 9.8 எனில் 590. தமிழ்நாட்டுப் பாடநூலையும் சேர்த்துப் படிப்பவராயின் கவனம்: அங்கே “நிறை” என்பது இலங்கையில் நாம் சொல்லும் திணிவு.