கட்டை குச்சியாகிப் போகுதா?

நகர்ற கட்டையைச் சரியான நேரத்துல தட்டி, ஒண்ணு மேல ஒண்ணா அடுக்குற ஆட்டத்துல, இருபது அடுக்கைத் தாண்டினாலே கட்டை குறுகிக் குச்சியாயிடுது, எப்பவும் கொஞ்சம் லேட்டாவே விழுதுன்னு கேட்டிருந்தீங்க. எப்பவுமே லேட்டுன்னா கை மேல மட்டும் தப்புன்னு நினைக்காதீங்க. ப்ளூடூத் இயர்ஃபோன் போட்டு, சத்தத்தை வச்சுத் தட்டுறீங்களா? அதுல சத்தம் தாமதமாத்தான் வரும். கழட்டிட்டு, மத்த டேப்களையும் மூடிட்டு ஆடிப் பாருங்க.

முக்கியமா, நகர்ற கட்டையைக் கண்ணால துரத்தாதீங்க. கீழ இருக்கிற கட்டையோட ஓரத்துலயே பார்வையை வைங்க. ரெண்டு ஓரமும் ஒட்டப்போற அந்த நொடிக்கு ஒரு இமைப்பொழுது முன்னாடியே விரல் இறங்கணும். எனக்கு இது பழக ரெண்டு நாள் ஆச்சு.

கெட்சாப்ங்கிற கம்பெனி 2016-ல வெளியிட்ட ஸ்டாக் மாதிரியான ஆட்டம்னா, குறுகிடுச்சேன்னு விட்டுடாதீங்க. தொடர்ந்து கச்சிதமா வச்சீங்கன்னா கட்டை மறுபடி அகலமாகும். அதுவரைக்கும் அவசரமே வேண்டாம். கட்டை ரெண்டு தடவை போய்ட்டு வரட்டும், அப்புறம் தட்டுங்க.