கலப்பு அடுக்கில் சுழல்கள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: வெவ்வேறு வேகத்தில் வரும் இரண்டு ஓட்டங்கள் உரசும் இடத்தைக் கலப்பு அடுக்கு என்கிறார்கள். நம் பக்கத்தில் இதைக் கண்ணால் பார்க்க முடியுமா, ஐயா? (ஆசிரியை, திருவலம்)

பதில்: உங்கள் ஊர்ப்பக்கமே பார்க்கலாம், அம்மா. பொன்னையாறு பாலாற்றில் சேரும் இடத்துக்கு, இரண்டிலும் மிதமாகத் தண்ணீர் ஓடும் நாளில் போய், மேடான கரையில் நின்று பாருங்கள். 2021 நவம்பரில் வந்ததுபோல் வெள்ளம் வந்தால் கிட்டேயே போக வேண்டாம். இரண்டு தண்ணீரும் உடனே கலந்துவிடாது. நிறம் மாறும் கோட்டில் நுரையும் சருகும் சிக்கி, சுற்றியபடியே கீழே இறங்கும். அந்தச் சுற்றல்தான் சுழல். ஆழம் குறைந்த ஆற்றில் படுகையின் உராய்வு சுழலை அதிகம் வளர விடாது. ஆய்வகக் காற்றுச் சுரங்கத்தில் அந்தத் தடை இல்லை.

கேள்வி: கலப்பு அடுக்கைக் கணினியில் கணக்கிடுகிறேன். ஓட்டம் கணக்கீட்டுக் களத்துக்குள் வரும் நுழைவில், சராசரி வேகத்தோடு தற்போக்கான இரைச்சலை, அதாவது ஒழுங்கில்லாத சிறு வேக மாற்றங்களை, சேர்த்தேன். அழகான உருளைச் சுழல்கள் கிடைத்தன. வழிகாட்டியோ நுழைவைத் திருத்தச் சொல்கிறார். ஏன்? (பொறியியல் மாணவர், காட்பாடி)

பதில்: அவர் சொல்வதே சரி. 1974-இல் பிரவுனும் ரோஷ்கோவும் ஹீலியத்தையும் நைட்ரஜனையும் பக்கம் பக்கமாக ஓடவிட்டு எடுத்த படங்களில், கொந்தளிப்பின் நடுவே பெரிய உருளைகள் வரிசையாகத் தெரிந்தன. அதனால் உருளை வந்தாலே கணக்கு சரி என்று பலர் நம்பிவிடுகிறார்கள். உருளை வருவது எளிது. எந்தச் சிறு அசைவைக் கொடுத்தாலும், கெல்வின்-ஹெல்ம்ஹோல்ட்ஸ் நிலைகுலைவு (வேக வேறுபாட்டால் எல்லைக்கோடு அலையாகிச் சுருளும் இயல்பு), அடுக்கின் தடிமனைப்போல் ஏறத்தாழ 7 மடங்கு அலைநீளமுள்ள அசைவைப் பொறுக்கியெடுத்து வளர்த்துவிடும். அதன்பின் உருளைகள் எப்படி வளர்கின்றன என்பதில்தான் நுழைவின் குணம் வெளிப்படும்.

தற்போக்கு இரைச்சலில் ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும், ஒரு கணத்துக்கும் அடுத்த கணத்துக்கும் தொடர்பே கிடையாது. அதன் ஆற்றல் மிக நுண்ணிய அளவுகளில் கிடப்பதால், உள்ளே வந்த வேகத்தில் கரைந்துபோகும். மிஞ்சுவது ஏறக்குறைய அமைதியான ஓட்டம். அதில் உருளைகள் அளவுக்கு மீறிய ஒழுங்கோடு, இரண்டிரண்டாக இணைந்து வளரும். உண்மையான சோதனையில் இரண்டு ஓட்டங்களையும் தொடக்கத்தில் பிரித்து வைக்கும் தகட்டின் மேல், பரப்பை ஒட்டி வேகம் குறைந்த மெல்லிய எல்லை அடுக்கு இருக்கும். அது கொந்தளிப்பாக இருந்தால், அதில் வேக ஏற்றத்தாழ்வுகள் ஓட்டத் திசையில் நீண்ட கீற்றுகளாக வருகின்றன. ஓட்டத் திசையில் முறுக்கும் இரண்டாம் வகைச் சுழல்களுக்கு நுழைவில் வரும் இத்தகைய அமைப்புகளே விதை. பெரிய உருளைகளோடு இந்தச் சுழல்களும் சேர்ந்தே இருப்பதை பெர்னாலும் ரோஷ்கோவும் 1986-இல் விரிவாகக் காட்டினார்கள். உங்கள் இரைச்சலில் அந்த விதை இல்லை.

எல்லை அடுக்கைத் தனிக் கணக்கீட்டில் வளரவிட்டு, அந்த வேகத் தரவைக் கணந்தோறும் நுழைவில் ஊட்டுங்கள். ஒப்பிடப்போகும் சோதனையில் தகட்டின் இருபுறமும் வரிச்சீர் ஓட்டமா (அடுக்கடுக்காக ஒழுங்காகச் செல்வது), கொந்தளிப்பு ஓட்டமா என்பதை முதலில் தேடுங்கள். அதைச் சொல்லாத ஒப்பீட்டை நான் ஏற்பதில்லை.

கேள்வி: நுழைவின் பாதிப்பு எவ்வளவு தூரம் நீடிக்கும்? (குடியாத்தம் வாசகர்)

பதில்: நினைப்பதைவிட வெகுதூரம். ஒரு பக்கம் காற்று அசையாமல் நிற்கும் கலப்பு அடுக்குக்கு பிராட்ஷா 1966-இல் தந்த அளவு: தொடக்க உந்தத் தடிமனைப்போல் (தகட்டை ஒட்டி ஓட்டம் இழந்த உந்தத்தைக் குறிக்கும் தடிமன்) சுமார் 1000 மடங்கு. உந்தத் தடிமன் அரை மில்லிமீட்டர் என்றால் அரை மீட்டர். பல கணக்கீடுகளின் களம் அதற்குள்ளேயே முடிந்துவிடுகிறது.

கேள்வி: தகட்டின் விளிம்பை அதிரவைத்தால் பர்னரில் எரிபொருளும் காற்றும் வேகமாகக் கலக்குமா? (ராணிப்பேட்டை, தொழிற்சாலைப் பொறியாளர்)

பதில்: கலக்கும், ஒரு கட்டம் வரை. ஆஸ்டரும் விக்னான்ஸ்கியும் 1982-இல் விளிம்பில் சிறு மடலை மெல்ல அசைத்துப் பார்த்தார்கள். அடுக்கு முதலில் வழக்கத்தைவிட வேகமாக விரிந்தது. பிறகு ஒரு நீளம் முழுக்க விரிவே நின்றுபோனது. எரியறையின் நீளத்தை அளந்த பிறகே அதிர்வெண்ணைத் தேர்ந்தெடுங்கள்.